தாய்லாந்துக் கோவில் சுவர்: ராமன் முகத்தில் ஏன் ஒரு சலனமும் இல்லை?

ஜனவரி 8, 2023 – தொடக்கக் கேள்வி, ஒரு வாசகர்

பாங்காக்கில் மரகத புத்தர் கோவில் பார்த்துவிட்டு வந்தேன். சுற்று மண்டபம் முழுக்க ராமாயணம். தங்கத்தை வாரி இறைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் ராமன், லட்சுமணன், சீதை எல்லாருக்கும் ஒரே முகம். அம்பு தைத்தாலும் அதே அரைப் புன்னகை. பயம் இல்லை, கோபம் இல்லை. இது அரண்மனை அலங்காரம், பக்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஜனவரி 8, இரவு

மறுக்கிறேன். பாங்காக்கில் ஒன்பது வருஷம் ஒரு ரத்தினக்கல் கடையில் கணக்கு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் கோவில் கோவிலாகப் போய்ச் சுவர் பார்த்தவன். ஓவியம் படித்தவன் இல்லை.

முகம் அசையாதது வரையத் தெரியாததால் இல்லை. ராஜா, ராணி, தேவர், போதிசத்துவர் (பின்னால் புத்தராகப் போகிறவர்) இவர்களெல்லாம் முகத்தைச் சுளிக்கக் கூடாது. உணர்ச்சி கைக்கும் இடுப்புக்கும் போய்விடும். 'கோன்' என்கிற முகமூடி நாட்டியத்தில் உள்ள அபிநயம்தான் சுவரிலும். சீதை அழுகிறாள் என்றால் இடது கை நெற்றிக்குப் போயிருக்கும், தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். அவ்வளவுதான். நாட்டியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே ஒப்பாரி.

அடுத்த தடவை கண்ணைக் கீழ்வரிசைக்கு இறக்குங்கள். மூட்டை தூக்குகிறவன், கள் குடித்துக் கவிழ்ந்தவன், பெண்ணின் முந்தானையை இழுப்பவன், அதைப் பார்த்துச் சிரிக்கும் கிழவி. இவர்களுக்கு எல்லா உணர்ச்சியும் முகத்திலேயே உண்டு. இந்தச் சில்லறை ஆட்களை வரைவதற்கு அங்கே 'பாப் காக்' என்று பெயர். 'காக்' என்றால் சக்கை. ராஜாவை இலக்கணப்படி வரைந்து கை மரத்துப்போன ஓவியன், சக்கையில்தான் மூச்சு விடுகிறான்.

ஜனவரி 9

கேட்டவர் "நான் பார்த்தது அந்த ஒரு கோவில்தான்" என்கிறார். அதுதான் கோளாறு. நீங்கள் பார்த்தது திருச்சுற்று. 178 படங்கள், வடக்கு வாசலில் ஜனகன் ஏர் உழும் இடத்தில் தொடங்கி வலமாகச் சுற்றி வரும். அது நடந்துகொண்டே பார்க்கிற கதை. சமயம் என்று பார்த்தால் உபோசத மண்டபத்துக்குள், அதாவது பிக்குகள் சடங்கு நடத்தும் முக்கிய மண்டபத்துக்குள், போய் உட்கார வேண்டும். உட்காராமல் அந்தச் சுவர்கள் புரியாது.

உள்ளே போகிறீர்கள். எதிரே புத்தர். அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் மூன்று உலகம்: நடுவில் மேரு, சுற்றி ஏழு மலை வளையங்கள், மேலே தேவலோகம், கீழே நரகம். இரண்டு பக்கச் சுவர்களிலும் ஜன்னலுக்கு மேலே வரிசை வரிசையாகத் தேவர்கள், எல்லாரும் புத்தரைப் பார்த்துக் கைகூப்பி. ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் இடையே ஜாதகக் கதை (புத்தரின் முற்பிறவிக் கதை) அல்லது புத்தர் சரிதம். இதெல்லாம் ஈரச் சுண்ணாம்பில் வரைந்தது. எஞ்சியது வாசலுக்கு மேலே உள்ள சுவர். அது உங்கள் முதுகுக்குப் பின்னால்.

அங்கேதான் மாரன், புத்தரின் தவத்தைக் கலைக்க வந்தவன். யானை மேல் ஏறி, ஆயிரம் ஆயுதத்தோடு, படையைத் திரட்டி வருகிறான். நடுவில் புத்தர் அசையாமல் பூமியைத் தொடுகிறார். அவருக்குக் கீழே பூமித்தாய் தோரணி கூந்தலைப் பிழிகிறாள். முற்பிறவிகளில் அவர் தானம் கொடுக்கும்போதெல்லாம் தாரை வார்த்த தண்ணீரை அவள் கூந்தலில் சேர்த்து வைத்திருந்தாள். பிழிந்தால் வெள்ளம். ஒரு பக்கம் வாளோடு வந்த படை, மறுபக்கம் அதே படை தண்ணீரில் தத்தளித்துத் தாமரையை ஏந்திக் கும்பிடுகிறது. சில கோவில்களில் அந்தப் படையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரனும் துப்பாக்கியோடு மிதப்பான்.

உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சுவர் தெரியாது. புத்தருக்குத்தான் தெரியும். அவர் கண் எதிரே எப்போதும் மாரன். கும்பிட்டு எழுந்து வெளியே போகத் திரும்பும்போதுதான் நமக்குத் தெரியும். இதை அலங்காரம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

எல்லாக் கோவிலிலும் இந்த வரிசை இருக்காது. இடம் மாற்றி வரைந்ததும் உண்டு. யாராவது போட்டோவோடு சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 14

"ராமன் ஏன் பச்சை?" என்று ஒருவர். ராமகியன், அதாவது தாய் ராமாயண மரபில் பிரா ராம் (ராமன்) பச்சை, பிரா லக் (லட்சுமணன்) பொன் நிறம், அனுமன் வெள்ளை. தோத்சகன், அதாவது நம்ம தசகண்ட ராவணன், அவனும் பச்சைதான். பச்சையை வைத்து நல்லவன் கெட்டவன் பிரிக்க முடியாது, கிரீடத்தையும் பல்லையும் பாருங்கள்.

இன்னொருவர் அனுமனுக்குக் காதலிகள் உண்டா என்று அதிர்ந்து கேட்கிறார். உண்டு, ஒன்றுக்கு மேலே. கடலில் பாலம் கட்டும்போது கல்லைத் திருடிப் போன மீன்கன்னி சுவண்ணமச்சா, ராவணனின் மகள். சண்டைக்குப் போன அனுமன் காதலில் முடித்தார். அவளுடைய படம் இன்றைக்கும் கடைகளில் அதிர்ஷ்டத்துக்குத் தொங்குகிறது. அவர்களுக்குப் பிறந்த மச்சானு, பாதாளத்தில் காவல் நிற்கிறான். அங்கே ராமனைத் தூக்கிப்போனவன் மையரப்.

மயில்ராவணன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்போது மணி அடிக்க வேண்டும். எங்கள் ஊரில் பாட்டி சொன்ன கதையில் அனுமன் வாலால் கோட்டை கட்டி ராமனை உள்ளே வைப்பார். தாய்க் கதையில் உருவத்தைப் பெருக்கி, ராமன் படுத்திருக்கும் மண்டபத்தையே வாய்க்குள் வைத்துக்கொள்வார். சுற்று மண்டபத்தில் அந்தப் படத்தின் முன் நின்றபோது, வழிகாட்டி ஒருவர் ஒரு கூட்டத்துக்கு "குரங்கு வீட்டை விழுங்குகிறது" என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஜனவரி 19

மன்னிக்கவும், 9-ஆம் தேதி ஈரச் சுண்ணாம்பு என்று எழுதினேன். தப்பு. நேர் எதிர். நன்றாகக் காய்ந்த சுவரில்தான் வரைவார்கள். ஐரோப்பிய முறையை எங்கேயோ படித்தது கையில் வந்துவிட்டது. பரிகாரமாக, நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

தோன்புரிப் பக்கம் வாய்க்காலோரக் கோவில் ஒன்றில் சின்ன மண்டபத்துக்குப் பழைய முறைப்படி சுவர் தயார் செய்துகொண்டிருந்தார்கள். புதுச் சுண்ணாம்புச் சுவரில் காரம் இருக்கும், அப்படியே பூசினால் நிறத்தைத் தின்றுவிடும். அதனால் 'கீலெக்' இலையை இடித்துத் தண்ணீரில் கரைத்து, நாள் கணக்காகச் சுவரைக் கழுவுகிறார்கள். கீலெக் நம்ம மஞ்சள் கொன்றை. அதே இலையில் அவர்கள் குழம்பும் வைப்பார்கள், கசக்கும். கழுவி முடித்ததும் ஒரு பெரியவர் பச்சை மஞ்சள் கிழங்கை ஒடித்துச் சுவரில் ஒரு கோடு இழுத்தார். கோடு மஞ்சளாகவே நின்றால் சுவர் தயார். அன்றைக்கு அது மெதுவாகச் சிவந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த வீட்டில் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நமக்கு அந்தச் சிவப்பு மங்கலம். அங்கே அதே சிவப்பு "இன்னும் இல்லை, போய்க் கழுவு" என்று சொல்கிறது. ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதிச் சாமான்களைக் கேட்டால் இன்னும் வீட்டு வாசனை அடிக்கும். அடிப்பூச்சு, வெள்ளைச் சுண்ண மண்ணில் புளியங்கொட்டைப் பசை கலந்தது. நிறத்தைப் பிடிக்க விளாம்பிசின். தங்க ரேக் ஒட்ட அத்திப்பால். மெல்லிய கோட்டுக்குப் பசுவின் காதுமுடியில் செய்த தூரிகை. மர இலைகளுக்குத் தாழை வேரை நுனி நசுக்கி, நாராக்கி, தொட்டுத் தொட்டு வைப்பது. எல்லாம் நம் தோட்டத்திலும் உண்டு.

ஜனவரி 20

அரிதாரம் பற்றி விட்டுவிட்டேன். அந்த மஞ்சள் தாதுவுக்கு அங்கே 'ஹொரதான்', வடமொழி ஹரிதாலத்தின் பேரன், நம்ம அரிதாரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஏட்டுப்பெட்டி, கதவுகளில் கருப்பு அரக்குப் பூசி, தங்கம் வேண்டாத இடத்தை அரிதாரக் கலவையால் வரைந்து மூடுவார்கள். மேலே தங்க ரேக். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அரிதாரம் கரைந்து போகும், அந்த இடம் கருப்பு, மீதி தங்கம். தங்கத்தை வரைவதில்லை, தங்கம் இல்லாததை வரைகிறார்கள்.

பிப்ரவரி 2

"உள்ளே போய் உட்கார வேண்டும்" என்று பெரிசாக எழுதினேன் அல்லவா, அதற்கு ஒரு திருத்தம். என் மனைவி இதைப் படித்துவிட்டு "ஈசான் மறந்துபோச்சா?" என்றாள்.

வடகிழக்கு ஈசான் பகுதியில் பழைய உபோசத மண்டபத்துக்கு 'சிம்' என்று பெயர். ரொம்பச் சின்னது. பத்துப் பேர் உட்கார்ந்தால் நெருக்கம். அதற்குள் பெண்கள் போகக் கூடாது. கோன் கேன் பக்கம் சவதி கிராமத்தில் வாட் சைசி என்று ஒரு கோவில். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், அவள் வெளியே மரத்தடியில். நான் உள்ளே போய் அங்கேயும் இங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் வந்தேன். அவள் அதற்குள் சுவரைச் சுற்றி இரண்டாவது தடவை நடந்துகொண்டிருந்தாள். அங்கே ஓவியமெல்லாம் வெளிச்சுவரிலும் இருக்கிறது! சங் சின்சை என்கிற அந்தப் பக்கத்துக் காவியக் கதை, நரகத்துக் கொப்பரை, யானை, யட்சர்கள், ஊர்க்காரர்கள். வெளிறிய சுவரில் அவுரி நீலமும் காவியும். தங்கம் கிடையாது, இலக்கணமும் அவ்வளவாகக் கிடையாது. கோடு குழந்தை கை மாதிரி ஓடுகிறது. அங்கே இதை 'ஹூப் தேம்' என்பார்கள்.

உள்ளே விடாதவர்களுக்காக வெளியே வரைந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். உள்ளே இடம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கும் என்று நான் சொன்னேன். "ரெண்டுமே இருக்கட்டும், வெளியேதான் கூட்டம் உட்காரும், சோறு பரிமாறுவாங்க, பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவாங்க" என்றாள். சரிதான். பாங்காக்கில் ஓவியம் உங்களை நடுவில் உட்கார வைக்கிறது. ஈசானில் உங்களைச் சுற்றி வர வைக்கிறது.

பிப்ரவரி 3

ஆமாம், கொப்பரையில் வேகிறவர்கள் எல்லாருக்கும் முகத்தில் உணர்ச்சி உண்டு. கேட்டவருக்கு மகிழ்ச்சியா?

பிப்ரவரி 18

சுவர் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். துணியை மறந்துவிட்டோம்.

'பிரா போட்' என்று துணியில் புத்தரை வரைந்து தொங்கவிடுவது ஒரு பெரிய மரபு. அந்த 'போட்' எழுத்தில் 'பட'. துணி என்று பொருள் தரும் அதே பழைய சொல். நாம் 'படம்' என்கிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். தெற்கே நகோன் சி தம்மராத்தில் மாக பூஜை என்கிற பௌர்ணமித் திருநாள் சமயத்தில் நீண்ட துணியை ஊர்வலமாகத் தூக்கிப்போய்ப் பெரிய தூபியைச் சுற்றிக் கட்டுவார்கள். இலங்கைக்குப் போன ஒரு புத்தர் சரிதத் துணி, கப்பல் உடைந்து இங்கே கரை ஒதுங்கியது என்று ஊர்க்கதை.

ஈசானில் துணி இன்னும் நீளம். வெசந்தர ஜாதகம் முழுதும் ஒரே சுருளில். புன் பவெத் திருவிழாவில் ஊரே வரிசையாக அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும், வெசந்தர இளவரசனைக் காட்டிலிருந்து ஊருக்கு அழைத்து வருவதாக ஐதீகம். பிறகு பிக்குகள் பதின்மூன்று காண்டமும் ஓதுவார்கள். ஒரே நாளில் முழுதும் கேட்டால் அடுத்த புத்தரான மைத்ரேயர் காலத்தில் பிறக்கலாம். ஓவியம் இங்கே பார்க்கிற பொருளே இல்லை. தோளில் சுமக்கிற பொருள்.

கதை தெரியாதவர்களுக்கு: கேட்டதையெல்லாம் கொடுக்கும் இளவரசன். நாட்டின் யானையைக் கொடுத்து நாடு கடத்தப்படுகிறான், கடைசியில் பிள்ளைகளையும் கொடுத்துவிடுகிறான். பிள்ளைகள் தாமரைக் குளத்தில் ஒளிந்துகொள்கிறார்கள், தடம் தெரியாமல் இருக்கப் பின்னோக்கி நடந்து இறங்குகிறார்கள். எந்தக் கோவில் சுவரிலும் இந்தக் குளத்தை நான் தேடுவேன். இலைக்கு அடியில் இரண்டு சின்னத் தலை. எனக்கு இரண்டு பிள்ளைகள், அதனால் இந்தக் கதையில் அந்த இளவரசனை இன்னும் மன்னிக்க முடியவில்லை. கொடுப்பதிலேயே உயர்ந்த தானம் என்று பிக்கு ஒருவர் பொறுமையாக விளக்கினார். தலையாட்டினேன்.

பிள்ளைகளை வாங்கிப் போகிற கிழட்டுப் பிராமணன் ஜூஜகன், அங்கே சூச்சோக். கூன், தாடி, தோளில் பை. சுவரில் ஓவியன் ரசித்து ரசித்து வரைவது இவனைத்தான். கடைசியில் அளவுக்கு மீறித் தின்று வயிறு வெடித்துச் சாகிறான். இப்போது அவனுக்கே தாயத்தும் சிலையும் விற்கிறார்கள், பணம் சேருமாம். கேட்டது எல்லாம் கிடைத்த ஆள் அல்லவா என்கிறார்கள். தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

மார்ச் 5

பழமை பற்றிக் கடுமையாக ஒருவர் எழுதியிருக்கிறார். மரகத புத்தர் கோவில் ராமாயணம் "போலி", திரும்பத் திரும்ப வரைந்தது என்று. உண்மை பாதி. முதலாம் ராமா (இப்போதைய அரச வம்சத்து மன்னர்களை ராமா என்று எண் போட்டுச் சொல்வார்கள்) காலத்தில் தொடங்கியது, மூன்றாம் ராமா காலத்தில் மறுபடி, பாங்காக்கின் நூற்றாண்டுக்கு 1882-இல், 150-ஆம் ஆண்டுக்கு 1932-இல், 200-க்கு 1982-இல் என்று நகரத்துக்கு வயது ஏறும்போதெல்லாம் சுவரும் புதுசாகும். போலி என்ற சொல்தான் பொருந்தவில்லை. அங்கே சுவரில் வரைவதும் வரையச் செய்வதும் புண்ணியம். நேற்று முடிந்த புண்ணியத்தைக் கண்ணாடிக்குள் வைத்து யார் பார்ப்பார்கள்? இன்றைக்கு ஒருவர் செய்ய வேண்டாமா?

மார்ச் 6

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். எனக்கே பிடிக்கவில்லை. புண்ணியம் என்று சொல்லி எதை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்கிற மாதிரி இருக்கிறது.

அவசியம் சொல்ல வேண்டிய ஆள் ஃபூவா ஹரிபிதக். 1910-இல் பிறந்தவர், ஓவியர். வெயில், ஈரம், வௌவால் எச்சம் என்று உதிர்ந்துகொண்டிருந்த கோவில் சுவர்களுக்கு முன் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, உதிர்வதற்குள் படியெடுத்தார். வாட் ரகாங்கில் முதலாம் ராமாவின் பழைய மர வீட்டை ஏடு வைக்கும் மண்டபமாகக் காப்பாற்றியதில் அவர் கை பெரிது. 1983-இல் மகசேசே விருது. புதுசாக வரைவது மட்டும்தான் புண்ணியம் என்றால் அவர் செய்ததற்கு என்ன பெயர்?

காய்ந்த சுவர் என்று முன்னே சொன்னேனே, அதனால்தான் இந்தத் தொல்லை. நிறம் சுவரோடு சேராமல் மேலே உட்கார்ந்திருக்கிறது. தரையிலிருந்து ஈரமும் உப்பும் ஏறினால் கீழ்வரிசைதான் முதலில் உதிரும். அதாவது சக்கை ஆட்கள். தேவர்கள் உயரத்தில் பத்திரமாக இருக்கிறார்கள். குடிகாரனும் கிழவியும்தான் போய்விடுகிறார்கள்.

மார்ச் 11

"வெள்ளைக்காரன் முறை வந்த பிறகு இந்த மரபு செத்துவிட்டதா?" இல்லை. க்ருவா இன் கோங் என்று ஒரு பிக்கு, நான்காம் ராமா காலம். வெளிநாடு போகாமல், வந்த அச்சுப் படங்களைப் பார்த்தே தூரம், நிழல், மேகம் எல்லாம் பழகிக்கொண்டார். வாட் போரோம் நிவாட்டில் அவர் வரைந்த ஒரு படம்: பெரிய தாமரை ஒன்று குளத்தில் மலர்ந்திருக்கிறது. கரையில் கவுன் போட்ட சீமாட்டிகளும் தொப்பிக்காரர்களும் நின்று கைகாட்டி வியக்கிறார்கள். புத்தர் உருவமே இல்லை. தாமரைதான் அவர். தர்ம விடுகதை என்று இதற்குப் பெயர். சீமைக்காரன் ஓவிய முறையை வாங்கி அதிலேயே விடுகதை போட்டவரைப் பார்த்த பிறகு, 1984-இல் லண்டன் விம்பிள்டன் தாய்க் கோவிலில் வரையத் தொடங்கிய இளைஞர்கள் சுவரில் மார்கரெட் தாட்சரை நுழைத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவர்களில் ஒருவரான சலெர்ம்சாய்தான் பிறகு சியாங் ராயில் அந்த வெள்ளைக் கோவிலைக் கட்டினார். வெள்ளையாக இருப்பது எனக்குக் கண் கூசுகிறது, அது வேறு விஷயம்.

ஏப்ரல் 2

கேட்டவர் மறுபடி பாங்காக் போகிறாராம், எந்தச் சுவர் என்கிறார். ஒன்றே ஒன்று: பாங்காக் நோய் வாய்க்கால் ஓரம் வாட் சுவண்ணாராம். மூன்றாம் ராமா காலம். தோங்யூ, கோங் பே என்று இரண்டு ஓவியர்கள், பக்கத்துப் பக்கத்துச் சுவர். ஒருவர் வரைந்தது நேமி ஜாதகம், மற்றவர் வரைந்தது மகோசதர் ஜாதகம். நடுவில் திரை கட்டி, ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்காமல் போட்டி போட்டார்கள் என்று சொல்வார்கள். தோங்யூவின் தேவர்கள் தைத்து வைத்த மாதிரி நேர்த்தி. கோங் பேயின் சுவரில் போர், கூட்டம், முட்டி மோதும் உடல்கள். என் ஓட்டு கோங் பேக்கு.

மண்டபம் பூட்டியிருக்கலாம், பக்கத்தில் யாரிடமாவது சாவி கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். நான் கடைசியாகப் போனபோது திறந்துவிட்ட அம்மா, மின்விசிறியைப் போட்டுவிட்டுத் ஈரத் துணியால் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். சுவர் ஓரம் வந்ததும் ஈரத் துணியை நிறுத்திவிட்டு, ஒரு சாண் இடம் விட்டு, அங்கே மட்டும் காய்ந்த துணியால் குனிந்து துடைத்தார்.